வடமாநிலத் தொழிலாளர்களோடு பழக நினைப்பவர்கள் சொதப்பும் இடங்கள்

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷன் பக்கமோ காதர்பேட்டை பக்கமோ ஒரு நடை நடந்தால் போதும், ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று பல ஊர்க்காரர்கள். பனியன் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைக்கிறோம், வேலை முடிந்ததும் அவர்கள் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். இதை மாற்ற நினைக்கிற குடியிருப்போர் சங்கங்கள், கல்லூரிப் பிள்ளைகள், கம்பெனி எச்.ஆர். ஆட்கள் எல்லாம் இருக்கிறார்கள். மனசு நல்ல மனசுதான், செய்கிற விதத்தில்தான் கோளாறு.

முதல் கோளாறு, வந்தவர்கள் எல்லாரையும் ‘ஹிந்திக்காரங்க’ என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது. ஒடிசாக்காரர் பேசுவது ஒடியா. ஜார்க்கண்டிலிருந்து வந்தவர் வீட்டில் சந்தாலி பேசுபவராக இருக்கலாம், பீகார் என்றால் போஜ்புரியோ மைதிலியோ. ஹிந்தி இவர்களில் பலருக்கும் இரண்டாவது மொழிதான். நாம் ஹிந்தியில் மட்டும் நோட்டீஸ் அடித்து ஒட்டிவிட்டு ‘ஒருத்தரும் வரலையே’ என்று வருத்தப்படுகிறோம். இன்னொன்று, ரெண்டு மூணு வருஷம் இங்கே இருந்தவர் நல்லாவே தமிழ் பேசுவார், அவரிடம் போய் நம் அரைகுறை ஹிந்தியைக் காட்ட வேண்டாம், தமிழிலேயே பேசுங்கள். சிங்கப்பூரில் நம்மூர் ஆள் ஒருவரைப் பார்த்தால் ‘தஞ்சாவூரா, புதுக்கோட்டையா’ என்று கேட்போமில்லையா, அதே மாதிரி எந்த மாவட்டம் என்று கேளுங்கள், பேச்சு தானாக வளரும். அப்புறம், நாற்பத்தைந்து வயது ஆளை ‘டேய், வாடா’ என்று கூப்பிடுகிற பழக்கம். அதை விடாமல் நல்லிணக்கம் பேசிப் பிரயோஜனமில்லை.

அடுத்தது ஒருநாள் விழா. பொங்கலன்று வேட்டி கட்டிவிட்டு, கையில் கரும்பு கொடுத்து, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் முடிந்தது என்று நினைப்பு. மறுநாள் தெருவில் பார்த்தால் அவர் பெயர்கூட ஞாபகம் இருக்காது. விழா வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பழக்கம் என்பது அதே முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் வருவது. மாதம் ரெண்டு தடவை, அதே இடத்தில், சின்னதாக எதையாவது நடத்துவது மேல்.

நேரத்தையும் யோசிப்பதில்லை. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போனவர் வெளியே வர ராத்திரி எட்டரை. செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? ஞாயிறு காலை துணி துவைத்து, சமைத்து, வீட்டுக்குப் போன் பேசுகிற நேரம், அதையும் பிடுங்காதீர்கள். கூட்டத்துக்கு ஆள் திரட்டும் வேலையை, அவர்களை வேலைக்குக் கூட்டிவந்த ஏஜெண்டிடம் ஒப்படைப்பது இதைவிடப் பெரிய தப்பு. அவரிடம் முன்பணம் வாங்கியவர், அவர் முன்னாடி உட்கார்ந்து ‘எல்லாம் நல்லா இருக்கு சார்’ என்பதைத் தவிர என்ன சொல்லப் போகிறார்?

நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது, எப்போதும் நாமே கொடுப்பவராக இருக்கிற தவறு. போர்வை, சாப்பாடு, இலவச மருத்துவ முகாம். தேவைப்படும்போது கொடுங்கள், ஆனால் கொடுக்கிறவர், வாங்குகிறவர் என்ற உறவில் யாரும் யாருக்கும் சிநேகிதர் ஆவதில்லை. அவர்களிடமும் ஏதாவது கேளுங்கள். தெருக் கோயில் பண்டிகைக்கு வேலையும் வசூலும் அவர்களுக்கும் ஒரு பங்கு என்று வைத்தால் அவர்கள் அந்தத் தெருக்காரர் ஆகிவிடுவார்கள். கிரிக்கெட் நடத்துகிறீர்களா, சரி, ஆனால் ‘ஒடிசா அணி – தமிழ்நாடு அணி’ என்று பிரிக்கவே பிரிக்காதீர்கள். தோற்றால் ஊர்ச் சண்டை, ஜெயித்தாலும் ஊர்ச் சண்டை. சீட்டுப் போட்டு ஆளைக் கலந்துவிடுங்கள், ரன் ஓட ‘வா’, ‘நில்லு’ என்ற ரெண்டு வார்த்தை போதும்.

உள்ளூர்க்காரர்களின் குறையைக் காது கொடுத்துக் கேட்காமல் ‘அன்பாக இருங்கள்’ என்று பாடம் நடத்துவதும் எடுபடாது. காம்பவுண்ட் வீட்டில் ஒரு அறைக்கு எட்டுப் பேரை வைத்து வாடகை வாங்குவது ஓனர், தண்ணீர் பத்தவில்லை என்று சண்டை போட்டுக்கொள்வது குடியிருப்பவர்கள். ‘இவங்க வந்துதான் கூலி குறைஞ்சுது’ என்பதை வெறுப்புப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது, அதில் ஒரு வயிற்றுப் பிரச்சினை இருக்கிறது. வேறு மாநிலத்திலிருந்து வந்தவருக்கும் அதே வேலைக்கு உள்ளூர் ஆளுக்கு உள்ள அதே கூலி என்று 1979ஆம் வருஷச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். ரெண்டு தரப்பும் சேர்ந்து அதைக் கேட்டால் அதுவே ஒரு உறவு.

2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியது ஞாபகம் இருக்கும். ஹோலிக்கு ஊருக்குப் போன கூட்டத்தையே பயந்து ஓடுகிற கூட்டம் என்றார்கள். பீகார் அரசின் குழுவே இங்கே வந்து பார்க்க வேண்டியிருந்தது. அந்த மாதிரி நேரத்தில் ‘அண்ணா, இது நிஜமா?’ என்று போன் போட்டுக் கேட்க உள்ளூரில் ஒரு ஆள் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசம் பெரிசு. வதந்தி வந்தபிறகு நம்பர் தேடுவது வேலைக்கு ஆகாது.

குடும்பத்தோடு வந்தவர்களை விட்டுவிடுகிறார்கள், இது வீணாகிற வாய்ப்பு. அரசுப் பள்ளியில் சேர்ந்த பிள்ளை சில மாதத்தில் தமிழில் வாயாடும். அதற்காக ஆஸ்பத்திரிக்கும் வீட்டு ஓனர் சண்டைக்கும் அந்தப் பிள்ளையையே மொழிபெயர்க்க நிறுத்துவது கொடுமை. அம்மாவைப் பள்ளிக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் கூடவே போகட்டும். ரேஷனும் இப்படித்தான். சொந்த ஊர் ரேஷன் கார்டை வைத்தே வேறு மாநிலத்திலும் பொருள் வாங்க விடுகிற ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ இங்கே 2020 அக்டோபரிலிருந்து இருக்கிறது, ஆனால் கடையில் போய்க் கேட்கத் தயங்குபவருக்கு முதல் தடவை கூட ஒரு ஆள் போனால் போதும், அடுத்த மாசம் அவரே போய்க்கொள்வார்.

கடைசியாக, ஆள் நிற்கவில்லை என்று சலித்துப் போவது. தீபாவளி, அதை ஒட்டி வரும் பீகார்ப் பண்டிகையான சட் பூஜை சமயத்தில் ஜார்க்கண்ட் போகிற தன்பாத் எக்ஸ்பிரஸ் ஏறியவர்களில் சிலர் திரும்ப மாட்டார்கள், சிலர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். திரும்பி வருபவரிடம், கூட வந்த புது ஆளையும் அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்குக் கூட்டிவரச் சொல்லுங்கள்.