மிச்சிகன் ஏரிகளில் வசந்தகாலத் தூண்டில்: பாஸ், கிராப்பி, புளூகில் பிடிக்கும் முறை

மிச்சிகன் மாநிலத்தில் 11,000-க்கும் மேற்பட்ட உள்நாட்டு ஏரிகள் இருக்கின்றன. டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள நோவை, கேன்டன், ட்ராய் போன்ற புறநகர்களில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஏரிக்கரை என்பது பெரும்பாலும் சிறிது நேரக் கார்ப் பயணத்தில் எட்டிவிடும் இடம்தான். ஆனாலும் புதிதாகத் தூண்டில் வாங்குபவர்களில் பலர் ஜூலை மாத விடுமுறையில் தொடங்கி, நடுப்பகல் வெயிலில் கரையில் காத்திருந்து, விரல் நீள மீன்களோடு திரும்புகிறார்கள். கோடையில் பெரிய மீன்கள் ஆழமான நீருக்குப் போய்விடுவதால் படகு இல்லாதவருக்கு அவை எளிதில் அகப்படுவதில்லை. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஜூன் நடுப்பகுதி வரையிலான வாரங்களில் நிலைமை நேர்மாறானது: முட்டையிடுவதற்காக பாஸ், கிராப்பி, புளூகில் போன்ற நன்னீர் மீன்களே கரையை நாடி, இடுப்பளவு ஆழத்துக்கு வந்து சேர்கின்றன. கரையிலிருந்து மீன் பிடிப்பவருக்கு ஆண்டில் இதைவிட நல்ல காலம் வாய்ப்பதில்லை.

இந்த வாரங்களில் நாட்காட்டியைவிட வெப்பமானியை நம்ப வேண்டும். ஓர் ஆண்டின் மே முதல் வாரம் அடுத்த ஆண்டின் மே முதல் வாரத்தைப் போல இருப்பதில்லை. ஆனால் நீரின் வெப்பம் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டும்போது மீன் செய்வது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கும் மலிவான வெப்பமானி ஒன்று, விலையுயர்ந்த பொய்யிரைகள் நிறைந்த பெட்டியைவிடப் பயனுள்ளது என்பது என் முடிவு. அமெரிக்கக் கடைகளில் கிடைப்பவை ஃபாரன்ஹீட்டில்தான் காட்டும் என்பதால் கீழே அந்த அளவையே பயன்படுத்துகிறேன். 50 டிகிரி என்பது 10 செல்சியஸ், 60 என்பது ஏறக்குறைய 16, 70 என்பது 21 என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

தெற்கு மிச்சிகனில் பெரும்பாலான ஆண்டுகளில் மார்ச் மாதத்தில் ஏரிப் பனி உருகிவிடும். தண்ணீர் 39 டிகிரியில்தான் மிக அதிக அடர்த்தி கொண்டது. உருகிய பனியால் குளிர்ந்திருந்த மேல்நீர் அந்த வெப்பத்தை எட்டியதும் கீழே இறங்க, காற்றும் சேர்ந்து ஏரி முழுவதையும் புரட்டிக் கலக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு வெயில்படும் ஆழமற்ற பகுதிகள் முதலில் சூடாகின்றன. எல்லாக் கரையும் ஒரே வேகத்தில் சூடாவதில்லை என்பதுதான் இங்கே பயன்தரும் செய்தி. ஏரியின் வடகரையில் உள்ள வளைவுகள் தெற்கு நோக்கி வெயிலை வாங்குவதோடு, குளிர்ந்த வடகாற்றிலிருந்தும் மறைவாக இருக்கின்றன. தென்காற்று வீசினால் சூடான மேல்நீரும் அங்கேயே வந்து தேங்குகிறது. கறுத்த சேற்றுத் தரை, வெண்மணல் தரையைவிட வெப்பத்தை அதிகம் உள்வாங்கும். ஆகவே ஏப்ரல் மாதத்தில் வடக்கு ஓரத்தில் இருக்கும், சேற்றுத் தரையும் சென்ற ஆண்டின் காய்ந்த கோரைத் தட்டைகளும் கொண்ட சிறிய வளைகுடா ஒன்றைத் தேடிச் செல்லுங்கள். ஏரியின் நடுப்பகுதி 46 டிகிரியில் இருக்கும் மாலையில் அத்தகைய மூலையில் 52, 53 காட்டுவது வியப்பன்று. காலையில் விழித்து இருட்டில் போகும் வழக்கம் கோடைக்கு உரியது. ஏப்ரலில் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு சென்றால் போதும். பகல் முழுவதும் வெயில் குடித்த நீரில்தான் மீன் சுறுசுறுப்பாக இருக்கும்.

கரைக்கு வரும் வரிசையும் வெப்பத்தைப் பொறுத்ததே. மஞ்சள் பெர்ச் 45 டிகிரியைத் தாண்டியதுமே வந்து, நீர்ச்செடிகளின் மீதும் விழுந்த கிளைகளின் மீதும் நாடா வடிவில் முட்டைகளைச் சுற்றிவிட்டுப் போய்விடும். 50 டிகிரியை ஒட்டி கிராப்பி கூட்டமாக உள்ளே வருவது முட்டையிடுவதற்காக அன்று, சூடான மூலைகளில் திரளும் சிறுமீன்களைத் தின்பதற்காக. அதன் முட்டையிடும் காலம் 60 டிகிரிக்குப் பிறகே தொடங்குகிறது. சரளைக் கற்கள் உள்ள இடங்களில் ஸ்மால்மௌத் பாஸும், மண்ணும் செடியும் கலந்த மறைவான கரைகளில் லார்ஜ்மௌத் பாஸும் 60-க்கும் 65-க்கும் இடையில் முட்டையிடுவதற்கான குழி தோண்டத் தொடங்குகின்றன. எல்லாவற்றுக்கும் கடைசியாக, 67 முதல் 70 டிகிரி வரும்போது, அதாவது மே இறுதியிலும் ஜூனிலும், புளூகில் தன் முறைக்கு வருகிறது.

தூண்டிலை எடுக்கும் முன் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். பதினேழு வயது நிறைந்த எவருக்கும் மீன்பிடி உரிமம் தேவை. அது ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரை செல்லும். பாஸை உடனே தண்ணீரில் விட்டுவிடுவதாக இருந்தால் ஆண்டு முழுவதும் பிடிக்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால், பெரும்பாலான ஏரிகளில் மெமோரியல் டேக்கு (மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை) முந்தைய சனிக்கிழமை வரை பொறுத்திருக்க வேண்டும். அதன் பிறகும் 14 அங்குலத்துக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளக் கூடாது, இரு வகையும் சேர்த்து நாளொன்றுக்கு ஐந்துக்கு மேல் கூடாது. செயின்ட் கிளேர் ஏரி போன்ற சில நீர்நிலைகளுக்கு வேறு தேதிகள் உண்டு. புளூகில், கிராப்பி, பெர்ச் ஆகியவற்றுக்கும் தனித்தனி எண்ணிக்கை வரம்புகள் இருப்பதால், மாநில இயற்கை வளத் துறை வெளியிடும் விதிப் புத்தகத்தை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் படிப்பது நல்லது. உரிமம் வாங்காமல் முயன்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஜூன் மாதத்தில் ஒரு வார இறுதி இலவசமாக விடப்படுகிறது. அது புளூகில் காலத்தோடு ஒத்துப்போவது குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு நல்வாய்ப்பு.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சிறுமீன்களுக்கு ஏழடி நீளமுள்ள மெல்லிய தூண்டிற்கோல், நரம்பைச் சுற்றி வைக்கும் சிறிய ஸ்பின்னிங் ரீல், நான்கு பவுண்டு எடை தாங்கும் தூண்டில் நரம்பு. பாஸுக்கு நடுத்தர வலுவுள்ள கோலும் எட்டு அல்லது பத்து பவுண்டு நரம்பும் போதுமானவை. போலரைஸ்டு கண்ணாடியை மட்டும் மறக்க வேண்டாம். நீர்ப்பரப்பின் பளபளப்பை அது நீக்கிவிடுவதால் தரையில் உள்ள குழிகளும் மூழ்கிய கட்டைகளும் தெளிவாகத் தெரியும்.

கிராப்பிக்கு மிக எளிய ஏற்பாடு, மெல்லிய தக்கைக்குக் கீழே இரண்டு மூன்றடி ஆழத்தில் அவுன்ஸில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு எடையுள்ள ஜிக் (தலையில் எடை பொருத்திய தூண்டில் முள்) ஒன்றைத் தொங்கவிடுவது. அந்த ஜிக்கில் மென்மையான பிளாஸ்டிக் வாலோ சிறிய உயிர்மீனோ இருக்கலாம். கிராப்பியின் கண்கள் மேல்நோக்கி அமைந்தவை. தனக்கு மேலே இருக்கும் இரையை எழும்பி எடுக்கும், கீழே கிடப்பதை அவ்வளவாகக் கவனிக்காது. எனவே ஐந்தடி ஆழமுள்ள இடத்தில் இரை மூன்றடியில் நிற்பது சரி, ஐந்தடியில் தரையைத் தொடுவது தவறு. இதே காரணத்தால் அது கடிக்கும்போது தக்கை எப்போதும் மூழ்குவதில்லை. மீன் இரையை வாயில் வைத்துக்கொண்டு மேலே வரும்போது ஜிக்கின் எடை தக்கையை விட்டு நீங்கிவிடுவதால், நிமிர்ந்து நின்ற தக்கை சற்று உயர்ந்து, பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். தக்கை மூழ்கட்டும் என்று காத்திருப்பவர்கள் இந்த நொடியைத் தவறவிடுகிறார்கள். சாய்ந்தவுடன் மணிக்கட்டை மட்டும் லேசாக உயர்த்துங்கள். வெடுக்கென்று இழுத்தால் அதன் தாள் போன்ற வாய்ச்சவ்வு கிழிந்து முள் வெளியே வந்துவிடும்.

புளூகில்லின் வாய் மிகச் சிறியது. நீண்ட தண்டுள்ள எட்டாம் அல்லது பத்தாம் எண் முள்ளில், முழு மண்புழுவை அன்றி, விரல் நகத்தளவு துண்டைக் கோத்தால் போதும்; முழுப் புழுவைப் போட்டால் அது வாலைக் கடித்து இழுத்துக்கொண்டே இருக்குமே தவிர முள் ஏறாது. நீண்ட தண்டு இருப்பதன் நன்மை, முள்ளை விரைவாகக் கழற்ற முடிவது. ஜூன் மாதத்தில் மூன்றடி ஆழத்தில், மணலும் சரளையும் உள்ள தரையில், தோசைக்கல் அளவில் வெளிறிய வட்டங்கள் ஒன்றையொன்று ஒட்டிப் பல இருப்பதைக் கண்டால் அது புளூகில் குடியிருப்பு. அதன் நடுவே தக்கையை எறியாமல், சற்று அப்பால் எறிந்து மெதுவாக ஓரத்துக்குக் கொண்டு வாருங்கள்; கூட்டம் கலையாது.

பாஸ் விஷயத்தில் வசந்தத்தை மூன்று கட்டங்களாகப் பார்க்கலாம். நீர் 45-இலிருந்து 55 டிகிரி வரை இருக்கும் நாட்களில் அது இன்னும் கரைக்கு வந்துவிடவில்லை. ஆழமான நீர் வளைகுடாவின் வாயை நோக்கிச் சரிந்து ஏறும் விளிம்பில் தங்கியிருக்கிறது. இங்கே நீருக்குள் அசையாமல் மிதந்து நிற்கும் ஜெர்க்பெய்ட் வகைப் பொய்யிரையை இரண்டு முறை சுண்டி, பின்பு ஐந்து முதல் பத்து வினாடி வரை ஒன்றும் செய்யாமல் விட வேண்டும். அந்தச் சும்மா இருத்தலில்தான் பெரும்பாலான கடிகள் நேர்கின்றன, பொறுமையற்றவர்களுக்கு இதைவிடக் கடினமான பாடம் வேறில்லை. 55 டிகிரியைத் தாண்டி, புதிய நீர்ச்செடிகள் தரையிலிருந்து ஓரடி வளர்ந்திருக்கும்போது, அவற்றின் தலையை உரசிச் செல்லுமாறு, சுழலும் தகடு கொண்ட ஸ்பின்னர்பெய்ட்டை ஒரே சீராக இழுத்து வரலாம். செடியில் சிக்கினால் சட்டென்று விடுவித்து இழுங்கள். அது விடுபட்டுத் துள்ளும் கணத்தில் பாஸ் பாய்வது வழக்கம்.

60 டிகிரிக்கு மேல் எனக்குப் பிடித்தது ஐந்தங்குல மென்புழுப் பொய்யிரைதான். அதன் நடுவில் முள்ளைக் குறுக்காகச் செருகி, ஈயம் எதுவும் சேர்க்காமல், விழுந்த மரத்துக்கும் படகுத்துறைத் தூணுக்கும் அருகில் எறிந்துவிட்டு நரம்பைத் தளர்வாக விட்டால், இரு முனைகளும் நடுங்கியபடி மெல்லக் கீழே இறங்கும். கையில் கடி உணரப்படாது. நரம்பு நீரைத் தொடும் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடம் பக்கவாட்டில் நகர்ந்தாலோ, இறங்க வேண்டியது பாதியில் நின்றாலோ, நரம்பின் தளர்வைச் சுற்றி எடுத்துவிட்டுக் கோலை உயர்த்துங்கள்.

குழியில் நிற்கும் பாஸைப் பிடிக்கலாமா என்பதில் இங்குள்ள மீனவர்களிடையே நெடுநாளாக வாக்குவாதம் உண்டு. பெண் மீன் முட்டையிட்டுப் போய்விட, குழியைக் காப்பதும் குஞ்சுகளைச் சில நாட்கள் உடனிருந்து பாதுகாப்பதும் ஆண் மீனின் வேலை. அதை இழுத்துப் போராடித் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருக்கும் நிமிடங்களில் சுற்றியுள்ள புளூகில் கூட்டம் முட்டைகளைச் சூறையாடிவிடுகிறது. சட்டம் இதைத் தடுக்கவில்லை. ஆயினும் கண்ணுக்குத் தெரியும் குழியை விட்டு விலகி எறிவதையே பரிந்துரைக்கிறேன். குழிக்கு வராமல் விளிம்பில் நிற்கும் மீன்கள் எப்போதும் உண்டு, அவைதான் பெரும்பாலும் பெரியவை. புளூகில்லுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. செம்பு நிற மார்பும் செவுள் மூடியின் நுனியில் பெரிய கறுத்த மடலும் கொண்டவை காவல் காக்கும் ஆண்கள். அவற்றையே தொடர்ந்து எடுத்துச் சென்றால், எஞ்சியுள்ள இளம் ஆண்கள் வளர வேண்டிய வயதிலேயே இனப்பெருக்கத்தில் இறங்கி, சில ஆண்டுகளில் ஏரியில் உள்ளங்கை அளவைத் தாண்டாத மீன்களே மிஞ்சும். ஏழு அங்குல அளவில் உள்ளவற்றைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு ஒன்பதைத் தொடுபவற்றை விட்டுவிடுவது நல்ல வழக்கம்.

மே மாதத்தில் எல்லாம் சரியாக இருந்தும் திடீரென்று ஒரு கடியும் கிடைக்காத நாள் வரும். பெரும்பாலும் அதற்கு முந்தைய இரவில் மழையோடு குளிர்காற்று கடந்து, காலையில் மேகமற்ற நீலவானம் விரிந்திருக்கும். மீன் வெகுதூரம் போய்விடவில்லை. பக்கத்திலுள்ள சற்று ஆழமான விளிம்புக்கோ அடர்ந்த மறைவின் உள்ளேயோ ஒடுங்கியிருக்கும். இரையைச் சிறிதாக்கி, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, மாலை வரை பொறுத்துப் பாருங்கள்.

கையை நனைத்த பின்பே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும். பெரிய பாஸைக் கீழுதட்டில் மட்டும் பிடித்துக் கிடைமட்டமாகத் தூக்கினால் தாடை விலகக்கூடும் என்பதால் மறு கையால் வயிற்றைத் தாங்குங்கள். உண்பதற்கு முன் அந்த ஏரிக்கு மாநிலச் சுகாதாரத் துறை என்ன அறிவுரை வழங்கியிருக்கிறது என்று பார்ப்பது கட்டாயம். ஹ்யூரான் ஆற்றின் மீன்களை உண்ண வேண்டாம் என்று 2018-இல் பிஃபாஸ் (PFAS) என்ற, எளிதில் சிதையாத வேதிப்பொருளின் காரணமாக அறிவிக்கப்பட்டபோது, அந்த ஆற்றின் மீது அமைந்த கென்சிங்டன் பூங்காவின் கென்ட் ஏரியும் அதில் அடங்கியிருந்தது. தூய்மையான ஏரியில் பிடித்த புளூகில்லைச் செதில் உரசி, தலையும் குடலும் நீக்கி, இருபுறமும் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, சிறிது அரிசி மாவு தடவி முழுதாகப் பொரிப்பதே நம் வீட்டுப் பழக்கத்துக்கு ஏற்றது. முதுகுத் துடுப்பின் முட்களை முன்பே அறுத்துவிடுங்கள்.

படகு வைத்திருப்பவர்கள் ஏரியை விட்டுக் கிளம்பும் முன் வடிகால் அடைப்புகளைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவதும், ஒட்டிய செடிகளை நீக்குவதும் 2019 முதல் சட்டப்படி கட்டாயம். எஞ்சிய உயிரிரைக்கும் இதே கவனம் தேவை. பனிப்பாறைகள் மூடியிருந்த இந்த நிலப்பகுதிக்கு மண்புழு இயல்பான உயிரினம் அன்று. காட்டுத் தரையின் இலைச்சருகை அது தின்று அழித்துவிடுகிறது. மீதமுள்ள புழுக்களைக் கரையில் கொட்டாமல் டப்பாவோடு குப்பைத் தொட்டியில் போட்டுவிடுங்கள்.