லாரி பின் ஆக்சிலில் பினியன் ஆட்டம்: நட்டை இறுக்கினால் மட்டும் தீராது

ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சுழற்றும் சிறிய பல்சக்கரம்தான் பினியன். ஆக்சிலுக்குள் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைத் திருப்புவது அதுதான். அதன் ஆயில் சீல் மாற்றிய கொஞ்ச நாளிலேயே மறுபடி ஒழுகுகிறது, கூடவே பின்னால் உறுமலும் கேட்கிறது என்றால் சீலைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆடுகிற ஷாஃப்டில் எந்தச் சீலும் நிற்காது.

முதலில் ஆட்டத்தைப் பாருங்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக் கியர்பாக்ஸோடு இருக்கும் வண்டி என்றால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றியதும் பிரேக் போய்விடும். இரண்டு பிளாஞ்சிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டு ஷாஃப்டை இறக்குங்கள். பினியன் பிளாஞ்சைத் திருப்பினால் லேசாக அசையும். அது பேக்லாஷ், அதாவது பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, இருக்க வேண்டியதுதான். உள்ளே வெளியே இழுத்தால் மட்டும் அசையவே கூடாது. டயல் கேஜ் முள் துளி நகர்ந்தாலும் பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது பிரீலோட் (பேரிங்கை ஆட்டமில்லாமல் பிடிக்கும் முன்அழுத்தம்) போய்விட்டது.

இந்த இடத்தில்தான் பலர் பினியன் நட்டை இன்னும் இரண்டு சுற்று இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். கனரக வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு டேப்பர் பேரிங்குக்கும் நடுவே கெட்டி ஸ்பேசர் (இடைவளையம்) இருக்கும். நட்டு சரியான டார்க்கில் இருந்தால் அதற்கு மேல் இறுக்குவதால் ஆட்டம் குறையாது, மரைதான் போகும். நசுங்கும் ஸ்பேசர் உள்ள சிறிய வண்டிகளில் ஆட்டம் மறையும். ஆனால் தேய்ந்த ரோலர் அந்த அழுத்தத்தில் சூடேறிச் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும்.

எனவே கழற்றித்தான் ஆக வேண்டும். ஆயிலை வடித்து, டிரெயின் பிளக்கில் ஒட்டிய தூளைப் பாருங்கள். மெல்லிய கரும்பசை சாதாரணம், செதில் செதிலாக வந்தால் பல்லையும் சந்தேகப்படுங்கள். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிரீதர் (ஆக்சிலின் காற்றுத்துளை) அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சில் ஷாஃப்ட் நட்டுகளை எடுத்து, அந்த ஷாஃப்ட் பிளாஞ்சின் நடுவில் பித்தளைத் தடி வைத்துத் தட்டினால் நட்டுக்கடியில் உள்ள கூம்பு வளையங்கள் தளரும். டிஃபரன்ஷியல் நல்ல கனம். ஜாக்கியில் ஏந்திய பிறகே மேல் போல்ட் இரண்டையும் எடுங்கள்.

பிரிப்பதற்கு முன் கிரவுன் வீல் பேக்லாஷை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், பேரிங் கேப்புகளில் இடம் வலம் அடையாளம் போடுங்கள். பழைய கிரவுன் பினியனையே போடுவதானால் அதே பேக்லாஷுக்குத்தான் திரும்ப வர வேண்டும். பினியன் கேஜுக்கு (பினியன் பேரிங்குகளைத் தாங்கும் கூடு) அடியில் உள்ள ஷிம்களையும் (மெல்லிய தகடுகள்) மைக்ரோமீட்டரில் அளந்து பத்திரப்படுத்துங்கள். பல்லின் ஆழத்தை முடிவு செய்வது அவைதான்.

பேரிங்கில் கோன் (ரோலர் உள்ள உள்வளையம்) புதிது, கப் (வெளிவளையம்) பழையது என்று ஒருபோதும் போடாதீர்கள். கப்பைப் பிரஸ்ஸில் இறக்கியதும், அடியில் 0.04 மி.மீ. ஃபீலர் நுழையக் கூடாது. கோனை ஆயிலில் சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்கி ஏற்றுங்கள். கேஸ் விளக்கை நேராகக் காட்டினால் எஃகின் கடினம் போய்விடும். பினியனின் உள்முனையில் உள்ள சின்ன பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது.

பிரீலோட் பார்க்கும்போது சீல் போடாதீர்கள், அதன் உரசலும் கணக்கில் சேர்ந்துவிடும். நட்டை முழு டார்க்கில் இறுக்கி, பினியனை வைஸில் பிடித்து, கேஜைச் சுற்றிக் கயிறு கட்டி ஸ்பிரிங் தராசால் இழுங்கள். கிளம்பும்போது காட்டும் எடை வேண்டாம், சீராகச் சுழலும்போது காட்டுவதுதான் அளவு. கேஜ் ஆரம் 8 செ.மீ., இழுப்பு 2.5 கிலோ என்றால் 20 கிலோ-செ.மீ., அதாவது ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர். எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை உங்கள் ஆக்சிலின் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். குறைவாக இருந்தால் மெல்லிய ஸ்பேசர், அதிகமானால் தடித்த ஸ்பேசர். இதைத் தலைகீழாகச் செய்து அரை நாளை வீணாக்குபவர்கள் நிறைய.

பிறகு சீல். பிளாஞ்சில் சீல் உதடு உரசிய இடத்தில் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதுச் சீலும் ஒழுகும். ஸ்லீவ் ஏற்றுங்கள் அல்லது பிளாஞ்சை மாற்றுங்கள். பழைய லாக் நட்டு வேண்டாம். இம்பாக்ட் கன்னால் முடிக்காமல் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

பூட்டியதும் கிரவுன் வீலின் சில பற்களில் மார்க்கிங் புளூ (தடம் காட்டும் நீல மை) தடவிச் சுற்றுங்கள். தடம் பல்லின் அடிக்குப் போனால் கேஜ் ஷிம் சேர்க்க வேண்டும், நுனிக்கு ஏறினால் குறைக்க வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன கிரேடு ஜிஎல்-5 கியர் ஆயிலை லெவல் துளை விளிம்பு வரை ஊற்றி, 20 கி.மீ. பாரமில்லாமல் ஓட்டுங்கள். பினியன் பிளாஞ்சை ஒட்டிய கூட்டின் மேல் கை வைக்க முடியாத சூடு என்றால் பிரீலோட் அதிகம். மறுபடி இறக்கி ஸ்பேசரை மாற்றுங்கள்.