கிளட்ச் மாற்றியபின் கியர் அரைக்கிறதா? பாக்ஸைப் பிரிக்கும் முன் இதைப் பாருங்கள்

வீட்டு வாசலிலேயே கிளட்ச் பிளேட் மாற்றி, எல்லாவற்றையும் பூட்டி வண்டியைக் கிளப்பினால் ரிவர்ஸ் போடும்போது கிர்ர்ரென்று அரைக்கிறது, அல்லது ஒன்றாவது கியர் விழவே மறுக்கிறது. கியர் பாக்ஸ் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். வேலைக்கு முன் ஒழுங்காக ஓடிய கியர் பாக்ஸ் சரியாக நீங்கள் கை வைத்த அன்று தானாகக் கெடுவது ரொம்ப அபூர்வம். நீங்கள் கழற்றி மாட்டிய ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் காரணம், அதிலிருந்தே தேட ஆரம்பியுங்கள். ஆல்டோ, ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி முன்சக்கரம் இழுக்கும் மேனுவல் கார்களை வைத்துச் சொல்கிறேன்.

ஸ்பேனரை எடுக்கும் முன் எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்தபடி எல்லா கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நிற்கிற வண்டியில் பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி ஏதாவது ஒரு கியர் விழாமல் போகலாம், அது கோளாறு இல்லை, கிளட்சை ஒருமுறை விட்டு மிதித்தால் விழுந்துவிடும். எஞ்சின் அணைந்திருக்கும்போது எல்லாம் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் அரைத்தால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை என்று அர்த்தம். எஞ்சின் ஓடாதபோதும் இறுக்கமாக இருந்தால் கியர் கேபிள் பக்கம் போங்கள்.

கிளட்ச்தான் என்று உறுதி செய்ய இன்னொரு சோதனை இருக்கிறது. சமதரையில், முன்னும் பின்னும் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, ஐடிலில் கிளட்சை அடி வரை மிதித்து ஒரு பத்து விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (பற்கள் சேரும் முன் இரண்டின் வேகத்தையும் சமமாக்கும் ரிங்) கிடையாது, அதனால் கிளட்ச் கொஞ்சம் ஒட்டினாலும் முதலில் கத்துவது ரிவர்ஸ்தான். அத்தனை விநாடிக்குள் பாக்ஸின் உள்ளே இருக்கும் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச் பிளேட் சுற்றும் தண்டு) சுழல்வது நின்றிருக்க வேண்டும். அப்போதும் அரைத்தால், அல்லது ஒன்றாவது கியரில் கிளட்சை முழுசாக மிதித்திருக்கும்போதே வண்டி மெல்ல நகரப் பார்த்தால், சந்தேகமே வேண்டாம்.

ஏன் விடுபடவில்லை? முதலில் பெடலுக்கு அடியில் மேட் சுருண்டு கிடக்கிறதா பாருங்கள், சின்ன விஷயம்தான் ஆனால் இதற்காக பாக்ஸை இறக்கக் கூடாது இல்லையா. அப்புறம், கேபிள் கிளட்ச் என்றால் பெடலின் பிளே, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம். அதிகமாக இருந்தால் கிளட்ச் முழுசாக விடாது, துளியும் இல்லாவிட்டால் வழுக்க ஆரம்பிக்கும். எத்தனை மி.மீ. என்பது வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் வண்டியின் மேனுவல் புத்தகத்தில் உள்ளதை வையுங்கள். ஹைட்ராலிக் (கேபிளுக்குப் பதில் ஃப்ளூயிட் தள்ளும் கிளட்ச்) என்றால் பெடலை இரண்டு மூன்று முறை பம்ப் செய்துவிட்டு கியர் போடுங்கள், அப்போது மட்டும் நன்றாக விழுந்தால் லைனில் காற்று இருக்கிறது, ஃப்ளூயிட் டப்பாவின் மூடியில் போட்டிருக்கும் அதே ஃப்ளூயிடை ஊற்றிக் காற்றை எடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் அரைத்தால்தான் பாக்ஸை மறுபடி இறக்கும் நிலைமை. கிளட்ச் பிளேட்டைத் திருப்பி மாட்டியிருக்கலாம், ஃப்ளைவீல் பக்கம் எது என்று பல பிளேட்டில் அச்சடித்தே இருக்கும். மாட்டும்போது பாக்ஸின் முழு எடையும் பிளேட் நடுவில் தொங்கியிருந்தால் பிளேட் வளைந்திருக்கும். ஸ்ப்ளைனில் (பிளேட் நகர்ந்து உட்காரும் ஷாஃப்ட்டின் நீள வரிப் பற்களில்) கிரீஸ் அப்பியிருந்தாலும், ஒரேயடியாகக் காய்ந்திருந்தாலும் பிளேட் நகராமல் ஒட்டும்.

கிளட்ச் நன்றாக இருந்து கியர் மட்டும் கடினம் என்றால், ஒருவர் உள்ளே உட்கார்ந்து லீவரை ஆட்ட, மற்றொருவர் பானெட்டைத் திறந்து பாக்ஸ் மேலே கேபிள் மாட்டியிருக்கும் சிறு நெம்புகோலைப் பார்க்கட்டும். முழு தூரம் நகர்கிறதா, கிளிப் உட்கார்ந்திருக்கிறதா? எஞ்சின் மவுண்ட் போல்ட் தளர்ந்திருந்தாலும் கேபிள் வரிசை தவறி கியர் முரண்டு பிடிக்கும்.

ஆயிலைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பாக்ஸை இறக்க ஆக்சிலை (சக்கரத்துக்குப் போகும் தண்டை) உருவும்போது பாக்ஸ் ஆயில் கொட்டிவிடும், திரும்ப ஊற்ற மறந்து ஓட்டினால் நிஜமாகவே பாக்ஸ் போய்விடும். சத்தம் கேட்டதும் முதலில் எஞ்சினை அணைத்து லெவல் பாருங்கள். வண்டி சமமாக நிற்க, பக்கவாட்டு ஃபில்லர் போல்ட்டைக் கழற்றினால் ஓட்டையின் விளிம்பு வரை ஆயில் இருக்க வேண்டும், சின்னக் கார்களுக்கு சுமார் 2 லிட்டர் பிடிக்கும். கடையில் வெறுமனே கியர் ஆயில் 90 என்று கேட்டால் பின்சக்கர டிஃபரன்ஷியலுக்கான (சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி) ஜிஎல்-5 தர ஆயில் கையில் வர வாய்ப்பு உண்டு. சிங்க்ரோ ரிங் பிடித்து நிற்க உராய்வு வேண்டும், பல ஜிஎல்-5 ஆயில்களில் அது குறைந்துவிடும், பித்தளை ரிங்குக்கும் அதன் கந்தகச் சேர்மங்கள் நல்லதில்லை. மேனுவல் ஜிஎல்-4 75டபிள்யூ-90 என்று சொன்னால் அதையே வாங்குங்கள். மாற்றும்போது முதலில் ஃபில்லரைத் திறங்கள், அது துருப்பிடித்துத் திறக்காமல் போனால் கீழே ஆயிலை ட்ரெயின் பண்ணிய (வடித்துவிட்ட) வண்டி அங்கேயே நின்றுவிடும். ட்ரெயின் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது சகஜம். இரும்புத் துண்டு ஒட்டியிருந்தாலோ, ஆயிலில் தங்க நிறத் துகள் மினுமினுத்தாலோ மட்டும் கவலைப்படுங்கள்.

கியர் மாற்றும்போது இல்லாமல் சும்மாவே சத்தம் வந்தால், நியூட்ரலில் கிளட்சை மிதித்து மிதித்து விட்டுக் கேளுங்கள். மிதித்தால் வரும் சத்தம் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளும் பேரிங்). விட்டால் வந்து மிதித்தால் மறைவது இன்புட் ஷாஃப்ட் பேரிங், அல்லது ஆயில் குறைவு. மிதித்தாலும் விட்டாலும் ஒரே தகரச் சுரண்டல் என்றால் பாக்ஸுக்கு அடியில் இருக்கும் தகர மூடி வளைந்து ஃப்ளைவீலில் உரசுகிறதா பாருங்கள்.

வண்டி நகரும்போது மட்டும் வந்து, ஆளில்லாத சாலையில் நியூட்ரலில் உருட்டினாலும் அப்படியே இருந்தால் அநேகமாகச் சக்கரப் பக்கம்தான். டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள மெல்லிய தகரம் வேலையின்போது கை பட்டு வளைந்திருக்கும், சிறு கல் சிக்கியிருந்தாலும் இதே சத்தம்தான். ஸ்க்ரூடிரைவரால் லேசாக நெம்பினால் முடிந்தது. இடது வளைவில் கூடி வலது வளைவில் குறையும் ஹூங்காரம் பெரும்பாலும் வலது சக்கர பேரிங். ஆக்சில் மாட்டிய இடத்தில் ஆயில் கசிந்தால் உள்முனை டக்கென்று உட்காரவில்லையோ, சீல் கிழிந்ததோ என்று பாருங்கள். ஹப் நட்டை (சக்கர நடுவில் ஆக்சில் முனையைப் பிடிக்கும் பெரிய நட்) இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து மேனுவல் அளவுக்கு இறுக்குங்கள், தளர்வாக விட்டால் பேரிங்கைத் தின்றுவிடும். கீழே போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பவே வேண்டாம், ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே உடம்பை உள்ளே நுழையுங்கள்.

பாக்ஸும் எஞ்சினும் சேரும் இடத்தில் சுற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்க்கக் கூடாது, ஹவுசிங் காது உடையும். டோவல் (பாக்ஸையும் எஞ்சினையும் நேராகப் பொருத்தும் சிறு பின்) விட்டுப்போயிருக்கும், அல்லது பிளேட் நடுவில் இல்லாமல் இருக்கும், அதனால் கழற்றி நேராக்கித்தான் மாட்ட வேண்டும். இரும்புத் துண்டு கண்டாலோ, ஆயில் இல்லாமல் ஓடியது தெரிந்தாலோ ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகாதீர்கள். முன் சக்கரத்தைத் தூக்கிக் கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள், தரையில் உருண்டால் நியூட்ரலிலும் டிஃபரன்ஷியல் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.