மலிவு விலையில் சின்ன ஆம்ப்: பலரும் சறுக்கும் இடங்கள்

கிளாஸ் டி ஆம்ப் போர்டு (மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்து ஒலியைப் பெருக்கும் சர்க்யூட்) ஒன்று, ஒரு அடாப்டர், பழைய ஸ்பீக்கர் ஒரு ஜோடி. இவ்வளவு இருந்தால் ஒரு மணி நேரத்தில் பாட்டு வந்துவிடும். அதோடு உறுமலும் வரும். சத்தத்தைக் கூட்டினால் கரகரக்கும், இன்னும் கூட்டினால் போர்டு அணைந்து அணைந்து எரியும். உடனே “மலிவு சிப் அப்படித்தான் இருக்கும்” என்று சிப் தலையில் பழி விழும். டிபிஏ3116, டிடிஏ7498 போன்ற சிப்கள் உண்மையில் நன்றாகவே வடிவமைக்கப்பட்டவை. கோளாறு பெரும்பாலும் அதைச் சுற்றி நாம் செய்யும் வேலையில்தான் இருக்கிறது.

வாட் கணக்கிலிருந்து தொடங்கலாம். போர்டின் மேல் 100 வாட் என்று அச்சிட்டிருக்கும். வாங்கியவர் அதற்கு 12 வோல்ட் அடாப்டரை மாட்டிவிட்டு 100 வாட்டை எதிர்பார்ப்பார். எத்தனை வாட் வரும் என்பதை முடிவு செய்வது நாம் கொடுக்கும் வோல்டேஜும் ஸ்பீக்கரின் ஓமும்தான். இந்த வகை போர்டுகள் பெரும்பாலும் பிரிட்ஜ் முறையில் ஓடுபவை, அதாவது ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் ஆம்பே ஓட்டும். அவற்றுக்கான கணக்கு எளிது: சப்ளை வோல்டேஜை அதே எண்ணால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 12 வோல்டும் 8 ஓமும் என்றால் 144-ஐ 16-ஆல் வகுத்து 9 வாட். அதே 12 வோல்டில் 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 18 வாட். 24 வோல்டில் 8 ஓமுக்கு 36 வாட். ஒலி சிதையாமல் ஒரு சேனலில் வரக்கூடிய உச்சம் இதுதான். சிப்பின் உள் இழப்பு போக இன்னும் கொஞ்சம் குறையும். விளம்பரத்தில் போடும் எண் பல நேரம் 10 சதவீத சிதைவோடு அளந்தது. அந்த அளவு சிதைவில் கேட்டால் அது பாட்டு இல்லை, கரகரப்புதான்.

சரி, 9 வாட் போதுமா? ஒரு சாதாரண அறைக்குப் பெரும்பாலும் போதும். வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும், அதாவது காதுக்குக் கொஞ்சம்தான் வித்தியாசம் தெரியும். 90 டெசிபெல் சென்சிடிவிட்டி (1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் தரும் சத்தம்) உள்ள ஸ்பீக்கர் 10 வாட்டில் தரும் சத்தத்தை 84 டெசிபெல் ஸ்பீக்கரிலிருந்து எடுக்க 40 வாட் தேவை. பெரிய போர்டைத் தேடி அலைவதைவிட ஸ்பீக்கரின் பின்னால் எழுதியிருக்கும் அந்த எண்ணைப் பார்ப்பது லாபம். சத்தம் போதவில்லை என்று இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே சேனலில் பேரலலாகப் போடுகிறவர்களும் உண்டு. அது 2 ஓம் ஆகிவிடும். கரண்ட் எகிறி, சிப்பின் பாதுகாப்பு விழித்துக்கொண்டு ஆம்ப் நின்றுவிடும்.

பவர் சப்ளை

காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான். சிப் என்ன செய்தாலும் கடைசியில் ஸ்பீக்கருக்குப் போவது இந்த சப்ளையின் மின்சாரம்தான்.

12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரின் மொத்தத் திறனே 12 வாட். பாட்டில் டிரம் அடிக்கும் ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் சரியும். பாஸ் அடிக்கும்போதெல்லாம் போர்டில் எல்இடி மங்கி மங்கி எரிந்தால் குற்றவாளி அடாப்டர்தான். லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும். 3 அல்லது 4 ஆம்பியர் தரக்கூடியதாக இருந்தால் வீட்டு உபயோகத்துக்குத் தாராளம். போர்டின் சப்ளை முனையை ஒட்டி 1000 அல்லது 2200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று இருந்தால் பாஸின் திடீர் இழுப்பை அது சமாளிக்கும். நல்லதுதானே என்று 10,000 மைக்ரோஃபாரட் போட்டால் வேறு பிரச்சினை. ஆன் செய்தவுடன் அந்தக் காலி கெபாசிட்டர் இழுக்கும் கரண்டை ஷார்ட் என்று நினைத்துச் சில அடாப்டர்கள் எழும்பாமலே போகும்.

டிரான்ஸ்ஃபார்மர் போடுகிறவர்கள் இன்னொரு இடத்தில் மாட்டுவார்கள். டிபிஏ3116-க்குப் பரிந்துரைக்கப்பட்ட உச்சம் 26 வோல்ட். 18 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் அதன் கீழேதானே இருக்கும் என்று தோன்றும். 18 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் அதன் உச்சமான 25.4 வோல்ட் வரை கெபாசிட்டர் சார்ஜ் ஆகும், டையோடு பிரிட்ஜில் ஏறக்குறைய 1.4 வோல்ட் போகும், மிச்சம் 24. இதுவரை சரி. ஆனால் 18 என்பது முழு லோடில் கிடைக்கும் வோல்டேஜ். சத்தமில்லாமல் சும்மா இருக்கும்போது சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் அதைவிட நன்றாகவே அதிகம் கொடுக்கும். மல்டிமீட்டரை வைத்தால் 27, 28 காட்டும். 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

போர்டில் இருக்கும் கெபாசிட்டர்களின் உடம்பில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 24 வோல்ட் போர்டு என்று விற்பார்கள், அதில் 25 வோல்ட் கெபாசிட்டர் உட்கார்ந்திருக்கும். சில மாதங்களில் அதன் தலை உப்பிவிடும். 35 வோல்ட் கெபாசிட்டராக மாற்றிவிட்டு ஓட்டலாம்.

அடாப்டர் பின்னின் நடுமுனை பாசிட்டிவா என்பதை மீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாற்றிக் கொடுத்தால் பல போர்டுகளில் தடுக்க எதுவும் இல்லை, சிப் போனது போனதுதான். பின்னின் உள்துளை 2.1 மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர் என இரண்டு அளவில் வரும். பொருந்தாத ஜோடி தளர்வாக நின்று, கை பட்டால் பாட்டு அறுந்து அறுந்து வரும்.

மூடி இல்லாத எஸ்எம்பிஎஸ் (மெயின்ஸ் மின்சாரத்தை டிசி ஆக்கும் ஸ்விட்சிங் சப்ளை) போர்டை வாங்கிப் பெட்டிக்குள் வைப்பது முதல் ஆம்ப் கட்டுகிறவர்களுக்கு வேண்டாம். மெயின்ஸ் உயிரை எடுக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். வைத்தே தீருவேன் என்றால் ஃபியூஸும், உலோகப் பெட்டிக்கு எர்த்தும் இல்லாமல் கூடாது.

உறுமல், கீச்சு, உஸ்

பிரிட்ஜ் முறை ஆம்பில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளில் எதுவும் கிரவுண்ட் கிடையாது. நெகட்டிவ் என்று குறித்திருந்தாலும் அதுவும் ஆம்ப் ஓட்டும் முனைதான். சப்ளையில் பாதி வோல்டேஜ் அதன் மேல் நிற்கிறது. பழைய பழக்கத்தில் இரண்டு ஸ்பீக்கர்களின் நெகட்டிவையும் ஒரே வயரில் சேர்ப்பது, பெட்டியோடு தொடுவது, பொதுக் கிரவுண்ட் உள்ள ஹெட்ஃபோன் ஜாக்கை அங்கே மாட்டுவது எல்லாம் ஆம்பைக் கெடுக்கும் வழிகள். ஆசிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை அதில் கவ்வுவதும் அதே கணக்குதான்.

புளூடூத் போர்டு சேர்த்தவுடன் பின்னணியில் ஒரு கீச்சொலி எழும். புளூடூத்துக்கும் ஆம்புக்கும் ஒரே சப்ளை, அதனால் ஒரே கிரவுண்ட். புளூடூத் சிப் விட்டுவிட்டு இழுக்கும் கரண்ட், ஆடியோ வயரின் கிரவுண்ட் வழியாகவும் திரும்பிப் போகிறது. ஆம்ப் அதையும் பாட்டென்று நினைத்துப் பெருக்குகிறது. இதுதானா என்று உறுதி செய்ய, புளூடூத் போர்டை முழுக்கக் கழற்றிவிட்டு, சார்ஜரில் போடாத போனை ஆக்ஸ் வயரில் இணையுங்கள். அமைதியாகிவிட்டால் கிரவுண்ட் லூப், அதாவது கிரவுண்ட் இரண்டு வழியில் இணைந்த வளையம்தான் காரணம். பி0505எஸ் என்று ஒரு குட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. 5 வோல்ட் உள்ளே போய் 5 வோல்ட்தான் வெளியே வரும், ஆனால் இரண்டு பக்கக் கிரவுண்டுக்கும் தொடர்பிருக்காது. புளூடூத் போர்டின் சப்ளையை இதன் வழியாகக் கொடுத்தால் கீச்சு போய்விடும். சின்ன பிஏஎம்8403 ஆம்ப் போர்டுக்கு லேப்டாப் யுஎஸ்பியிலிருந்தே மின்சாரமும், அதே லேப்டாப்பிலிருந்தே பாட்டும் எடுப்பவர்களுக்கும் இதே வியாதி வரும். அந்த சிப் 5.5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பதையும் சொல்லிவைக்கிறேன். 12 வோல்ட் கொடுத்து எரித்தவர்கள் ஏராளம்.

அப்புறம், புளூடூத் போர்டை முழு உலோகப் பெட்டிக்குள் அடைத்துவிட்டு சிக்னல் வரவில்லை என்று தேடுவது. ஆன்டெனா முனையாவது பிளாஸ்டிக் பக்கமாக வெளியே தெரிய வேண்டும்.

பாட்டு நின்ற பிறகும் உஸ் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பலரும் கெபாசிட்டரை மாற்றப் பார்ப்பார்கள். கெயினை, அதாவது ஆம்ப் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதை, யாரும் பார்ப்பதில்லை. 3116-இல் 20, 26, 32, 36 டெசிபெல் என்று நான்கு கெயின் உண்டு. சிப்பருகே இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள்தான் எது என்பதை முடிவு செய்கின்றன. 20 டெசிபெல் என்றால் 10 மடங்கு, 36 என்றால் ஏறக்குறைய 63 மடங்கு. சிடி பிளேயர், டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக்கும் கருவி) போன்றவை 2 வோல்ட் வரை தரும். அதை 10 மடங்காக்கினாலே 20 வோல்ட். 24 வோல்ட் சப்ளையில் சிதையாமல் வரக்கூடியதே 17 வோல்ட் சுமார்தான். ஆகக் குறைந்த கெயினே தேவைக்கு மேல் என்றால் 36 எதற்கு? கூடுதல் கெயின் உஸ் சத்தத்தைத்தான் பெருக்கும். வால்யூமைக் கொஞ்சம் திருப்பினாலே அலறும். இன்னொரு விளைவும் இருக்கிறது. கெயின் கூடக்கூட சிப்பின் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்குச் சிப் காட்டும் தடை) குறையும்: 20 டெசிபெலில் 60 கிலோ ஓம், 36-இல் வெறும் 9. அதன் முன்னால் 50 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல் வைத்தால் அதன் போக்கே மாறிவிடும். சிப்பின் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) அட்டவணை இருக்கிறது, பார்த்து ரெசிஸ்டரை மாற்றலாம். அதைத் தொடப் பயமாக இருந்தால் வாங்கும்போதே கெயினை விசாரித்து வாங்குங்கள்.

வால்யூம் கண்ட்ரோலில் ஏ50கே என்றிருந்தால் பெரும்பாலும் லாக் (காது உணரும் விதத்தில் படிப்படியாகக் கூடுவது), பி50கே என்றால் லீனியர் (திருப்பும் அளவுக்கு நேராகக் கூடுவது). ஒலிக்கு லாக்தான் வேண்டும். லீனியர் போட்டால் முதல் கால் சுற்றிலேயே முக்கால் சத்தமும் வந்துவிடும்.

சூடு

கிளாஸ் டி 90 சதவீதத் திறனோடு ஓடும், சூடாகாது என்பது பாதி உண்மை. முழு சத்தத்தில் மீதி 10 சதவீதமும் நகம் அளவு இடத்தில்தான் இறங்குகிறது. 3116-இன் வெப்ப உலோகம் சிப்பின் மேல்பக்கம் இருக்கிறது, அதே குடும்பத்து டிபிஏ3118-க்கு அது அடிப்பக்கம், போர்டோடு ஒட்டியது. மேலே ஹீட் சிங்க் ஒட்டி 3118-ஐக் குளிர வைக்க முயல்வதில் பெரிய பயன் இல்லை. 3116-இல் ஹீட் சிங்க்கைப் பஞ்சு டேப்பால் ஒட்டியிருந்தால் கழற்றிவிட்டுத் தெர்மல் பேஸ்டை மெல்லிசாகத் தடவி இறுக்குங்கள்.

பழைய கிளாஸ் ஏபி வகை ஆம்ப் சிப்கள் பக்கம் போகிறவர்கள், டிடிஏ2030, எல்எம்1875, எல்எம்3886டி ஆகியவற்றின் உலோக முதுகு நெகட்டிவ் சப்ளையோடு இணைந்தது என்பதை மறக்கக் கூடாது. பிளஸ் மைனஸ் சப்ளையில் ஓட்டும்போது மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு இல்லாமல் எர்த் கொடுத்த பெட்டியில் முடுக்கினால் நேரடி ஷார்ட். முடுக்கிய பிறகு மீட்டரில் தொடர்பு இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்து முதல் முறை ஆன் செய்யும்போது நல்ல ஸ்பீக்கரை மாட்ட வேண்டாம். வால்யூமைக் குறைத்துவைத்து, மீட்டரை டிசி வோல்டேஜில் வைத்து, ஒரு சேனலின் இரண்டு ஸ்பீக்கர் முனைகளுக்கு நடுவே அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. வோல்ட் கணக்கில் காட்டினால் உடனே அணைத்துவிடுங்கள். அந்த டிசி ஸ்பீக்கர் காயிலைக் கருக்கிவிடும். சரியாக இருந்தால் ஒரு பழைய ஸ்பீக்கரை மாட்டிப் பத்து நிமிடம் பாடவிட்டு, அணைத்துவிட்டு, ஹீட் சிங்க்கையும் பக்கத்து இண்டக்டர்களையும் விரலால் தொட்டுப் பாருங்கள். மிதமான சத்தத்திலேயே இண்டக்டர் விரல் வைக்க முடியாதபடி சுட்டால், அதே மதிப்பில் கூடுதல் கரண்ட் தாங்கும் இண்டக்டராக மாற்றிவிட்டுப் பிறகு பெட்டியை மூடலாம்.