மெல்ல மலரும் காதல் மங்காவை வாசிப்பது எப்படி?

சண்டையும் சாகசமும் நிறைந்த மங்காக்களில் (ஜப்பானியச் சித்திரக்கதைகளில்) ஊறியவர்கள் மெல்ல மலரும் காதல் கதை ஒன்றைக் கையில் எடுத்தால், முதல் தொகுதியிலேயே "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று சலித்துக்கொள்வதுண்டு. நடப்பவற்றில் பெரும்பகுதி பேச்சுக் குமிழிகளுக்கு வெளியே நடக்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் இவ்வகைக் கதைகள் விரைவில் வசப்படும்.

தேர்ந்தெடுக்கும்போது வகைப்பெயரை மட்டும் நம்ப வேண்டாம். பதின்ம வயதுப் பெண்களுக்கான ஷோஜோ, வளர்ந்த பெண்களுக்கான ஜோசெய் என்பவை வாசகரைக் குறிக்கும் பிரிவுகளே. உள்ளே இருப்பதற்கு அவை உத்தரவாதம் தருவதில்லை. ஆகவே, பிள்ளைகளுக்காக எடுப்பவர்கள் ஆங்கிலப் பதிப்பில் வயதுக் குறியீடு இருந்தால் அதையும் பார்த்துவிடுவது நல்லது.

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலை நீ ஆன் சிட்டியில் உள்ள கினோகுனியா புத்தகக் கடையில் மங்காவுக்குக் குறைவில்லை. ஆனால் நீண்ட தொடரை முழுதாக வாங்கினால் கையைக் கடிக்கும். கருஹோ ஷீனாவின் 'கிமி நி தொதொகே' மட்டுமே 30 தொகுதிகள். எனவே முதலில் நூலகத்தில் இரவல் பெறுங்கள். முதல் மூன்று தொகுதிகளும் இருக்கின்றனவா என்று தேசிய நூலக வாரியத்தின் செயலியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள் (இரண்டாவதை மட்டும் யாராவது கொண்டுபோயிருப்பார்). 21 நாள் இரவல் காலம் மூன்று தொகுதிகளுக்குத் தாராளம்.

மேற்சொன்ன தொடர் 2005 முதல் 2017 வரை ஒரு மாத இதழில் வெளிவந்தது. ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே வாசகர் காத்திருப்பார் என்று கணக்கிட்டு எழுதப்பட்ட கதையை ஒரே இரவில் விழுங்கினால், அதன் சுவையில் பாதி போய்விடும். ஈசூனிலிருந்து நகருக்குச் செல்லும் எம்ஆர்டி ரயில் பயணத்தில் ஓர் அத்தியாயம் என்பது சரியான அளவு.

பக்கத்தை வலமிருந்து இடமாக, அவசரமின்றிப் படியுங்கள். வசனமில்லாத கட்டங்களைத் தாண்டிவிடாதீர்கள். மழையில் இருவர் ஒரே குடைக்கீழ் நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: முதல் கட்டத்தில் குடைப்பிடி, அடுத்ததில் அவளுடைய உலர்ந்த புத்தகப்பை, கடைசியில் நனைந்து கறுத்த அவனுடைய தோள். குடை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்லாமலே நாம் அறிந்துகொள்கிறோம். குறிப்பறிதலுக்குத் திருக்குறளில் இரண்டு அதிகாரங்களை ஒதுக்கிய மொழியில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அதேபோல், குடும்பப்பெயரால் அழைத்துவந்த ஒருவர் இயற்பெயருக்கு மாறும் இடத்தையும் கவனியுங்கள். ஜப்பானியப் பள்ளிக் கதைகளில் அது ஏறக்குறைய காதலைச் சொல்வதற்கு நிகரான நிகழ்வு.

மெதுவாக நகரும் கதை வேறு, நகராமல் நிற்கும் கதை வேறு. ஒவ்வொரு தொகுதியின் முடிவிலும், தொடக்கத்தில் தெரியாத எதையாவது அவ்விருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் அறிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். அறிந்திருந்தால், கை கோக்கப் பத்துத் தொகுதி ஆனாலும் பொறுத்திருக்கலாம். பாதி உரையாடலை ஒட்டுக்கேட்டுத் தவறாகப் புரிந்துகொள்ளும் காட்சி மூன்றாம் தொகுதிக்குள் மூன்று முறை வந்துவிட்டால், தயங்காமல் நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொரு தொடரை எடுங்கள்.