லீட் கேட்கப் பழகுவோம்: ஷூபர்ட்டின் 'ராட்டை முன் கிரெட்சன்'

கவிதைக்கு மெட்டுப் போட்டு, ஒரு குரலும் ஒரு பியானோவுமாகப் பாடும் ஜெர்மன் பாட்டுக்கு 'லீட்' என்று பெயர். ஜெர்மன் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஒரே ஒரு பாட்டை ஊன்றிக் கேட்டால் பிடி கிடைத்துவிடும். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் ஷூபர்ட் 1814 அக்டோபரில், தன் 17 வயதில் எழுதிய இந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம். சுமார் மூன்றரை நிமிடம்தான்.

படி 1: முதலில் கவிதையின் மொழிபெயர்ப்பைப் படித்துவிடுங்கள். ஜெர்மன் கவிஞர் கோதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்தில் வரும் கட்டம் இது. ராட்டை முன் தனியாக இருக்கும் கிரெட்சன், நிம்மதி போய்விட்டது, நெஞ்சு கனக்கிறது என்று புலம்புகிறாள். அப்புறம் காதலனின் நடை, சிரிப்பு, கண், பேச்சு என்று ஒவ்வொன்றாக நினைக்கிறாள்.

படி 2: முதல் தடவை பாடகியை விட்டுவிட்டு பியானோவை மட்டும் கவனியுங்கள். வலது கையில் ஓயாமல் சுழல்வது சக்கரம். இடது கையில் விட்டுவிட்டு விழுவது அவள் கால் மிதிக்கும் கட்டை. தையல் மெஷின் மிதித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

படி 3: இனி குரலோடு சேர்த்துக் கேளுங்கள். அவன் நடையைச் சொல்லத் தொடங்கும்போதே மிதி நின்று, இடது கை நீண்ட சுரங்களுக்கு மாறிவிடும். வேலையை மறந்துவிட்டாள். குரல் ஏறிக்கொண்டே போய், 'அவன் முத்தம்' என்ற இடத்தில் உச்சியைத் தொடும்போது சக்கரமும் நின்றுவிடும். பிறகு பியானோ ஒரு சுற்று சுற்றப் பார்த்து நிற்கும். மறுபடி முயன்று மறுபடி நிற்கும். அதற்கப்புறம்தான் ராட்டை ஓடும். இந்தச் சில நொடிகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேளுங்கள். மொத்தப் பாட்டும் இங்கேதான் இருக்கிறது.

படி 4: முடிவு. கோதேயின் கவிதை முத்தத்தில் மயங்கி முடிகிறது. ஷூபர்ட் அப்படி விடவில்லை. முதல் இரண்டு வரிகளை மீண்டும் கொண்டுவந்து அவளை ராட்டையிடமே உட்கார வைத்துவிட்டார். கவிஞரை மீறிய வேலைதான், ஆனால் எனக்கு இதுவே சரியென்று படுகிறது.

எலிசபெத் ஷ்வார்ஸ்கோப் பாட, எட்வின் ஃபிஷர் வாசித்த 1952 பதிவு நல்ல தொடக்கம். இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட் இந்தப் பாட்டைத் தனி பியானோவுக்கு மாற்றியதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

சரி, அடுத்து? கோதேயின் இன்னொரு கவிதைக்கு ஷூபர்ட் மெட்டுப் போட்ட 'எர்ல்கோனிக்', 1815. கதைசொல்லி, அப்பா, பையன், மாயராஜா என நாலு பேருக்கும் ஒரே பாடகர். அதே கவிதைக்கு கார்ல் லோவே போட்ட மெட்டையும் கூடவே கேட்டு, மாயராஜா வரும் இடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.