ஸ்டூடியோவில் உதவியாளராகச் சேர்ந்து ஒலிப்பதிவு கற்பது எப்படி?

ஒலிப்பதிவு கற்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மென்பொருளைத் தேடுகிறார்கள். நான் ஓர் ஆளைத் தேடச் சொல்வேன். நாள்தோறும் பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் பதிவு செய்கிற, உங்களைப் பக்கத்தில் நிற்க விடுகிற ஒரு மூத்த ஒலிப்பதிவாளர் கிடைத்தால் அதுவே பெரிய பேறு. ஜெஃப் எமெரிக் 1962-இல் லண்டன் இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் பதின்ம வயது உதவியாளராகச் சேர்ந்தார். டேப் இயந்திரம் இயக்கினார், இசைத்தட்டு வெட்டும் பிரிவில் வேலை பார்த்தார். 1966-இல் பீட்டில்ஸ் குழுவின் ஒலிப்பதிவாளர் நாற்காலியில் உட்கார்ந்தபோது அவருக்கு வயது இருபது.

படி 1: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பெரிய ஸ்டூடியோவாக இருக்க வேண்டியதில்லை. சென்னையில் கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பக்கம் சிறிய ஸ்டூடியோக்கள் நிறைய உண்டு. அங்கே நேரடி வாத்தியப் பதிவு நடக்கிறதா என்று விசாரியுங்கள். முழுக்கக் கீபோர்டிலும் கணினியிலும் இசையமைக்கிற இடத்தில் மைக்கைப் பற்றி அதிகம் கற்க முடியாது. வேலை நேரம், உதவித்தொகை, இரவு வீடு திரும்பும் வசதி ஆகியவற்றை முதல் நாளே பேசிவிடுங்கள். கற்றுக்கொள்ள வந்தவர் இதையெல்லாம் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம்.

படி 2: கேபிளும் மின்சாரமும்

கேபிளை முழங்கையில் சுற்றாதீர்கள். உள்கம்பி முறுக்கேறி நாளடைவில் அறுந்துவிடும். ஒரு வளையம் மேலாக, அடுத்தது கீழாக என்று மாற்றி மாற்றிச் சுற்றுங்கள். ஸ்டூடியோவைத் திறக்கும்போது ஸ்பீக்கரைக் கடைசியாகப் போடுங்கள், மூடும்போது முதலில் அணையுங்கள். பெரும்பாலான கண்டென்சர் வகை மைக்குகளுக்கு 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரம் (மைக் கேபிள் வழியாகவே செல்லும் மின்சாரம்) தேவை. மெல்லிய உலோகப் பட்டை கொண்ட பழைய ரிப்பன் மைக் சிலவற்றை அதே மின்சாரம் பழுதாக்கக்கூடும். எது எந்த மைக் என்று தெரியும் வரை ஃபான்டம் பொத்தானைத் தொடும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: மைக்கை நகர்த்திக் கேளுங்கள்

ஒலிப்பதிவின் பாதி இங்கேதான் இருக்கிறது. பதிவு இல்லாத நேரத்தில் ஆசானின் அனுமதியோடு இதைச் செய்து பாருங்கள். ஒரு நண்பரை ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடச் சொல்லுங்கள். கார்டியாய்டு மைக்கை (முன்பக்க ஒலியையே அதிகம் வாங்குவது) அவர் வாயிலிருந்து 5 செ.மீ., 15 செ.மீ., 30 செ.மீ. தூரங்களில் வைத்துத் தனித்தனியே பதிவு செய்யுங்கள். கிட்டே வர வர அடித்தொனி பெருகிக் குரல் கனக்கும். விலக விலக அறையின் ஒலி கூடும். பிறகு மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்புங்கள். 'ப' ஒலியின் காற்று மோதலும் 'ஸ' ஒலியின் கூர்மையும் குறைவது தெரியும்.

அடுத்து மிருதங்கம். வலந்தலைக்கு (உயர்தொனி தரும் பக்கம்) ஒரு மைக், தொப்பிக்கு (அடித்தொனி தரும் பக்கம்) ஒரு மைக் வையுங்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது தொப்பியின் கும்கி (வளைந்து வரும் அடித்தொனி) மெலிந்து ஒலித்தால், ஒரு மைக்கின் துருவத்தை மாற்றும் (ஒலி அலையைத் தலைகீழாக்கும்) பொத்தானை அழுத்திப் பாருங்கள். எந்த நிலையில் அடித்தொனி நிறைவாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மைக்குகளையும் வெவ்வேறு நேரத்தில் வந்தடையும் ஒலி, சேரும்போது சில அதிர்வெண்களை அழித்துவிடும். ஒலி ஒரு மில்லிவினாடியில் சுமார் 34 செ.மீ. செல்கிறது என்பதை நினைவில் வைத்தால், ஒரு சாண் நகர்த்தினாலே ஏன் இவ்வளவு மாறுகிறது என்பது புரியும்.

படி 4: ஒலி அளவு பிடித்தல்

"ஹலோ, ஒன்று, இரண்டு" என்று சொல்ல வைத்துப் பிடித்த அளவு பதிவின்போது உதவாது. கீர்த்தனை என்றால் அனுபல்லவியில் மேல் ஸ்தாயி தொடும் இடத்தைப் பாடச் சொல்லுங்கள். அந்த உச்சம் மீட்டரில் -12 முதல் -6 டெசிபல் வரை நிற்கும்படி (0 என்பதே உச்ச வரம்பு) கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, வையுங்கள். 24 பிட் பதிவில் அதற்கு மேல் ஏற்றத் தேவையே இல்லை. சிவப்பு விளக்கு எரிந்து உடைந்த ஒலியைச் சரியாக மீட்பது கடினம்.

படி 5: பதிவு நேரத்து ஒழுங்கு

பாடகரின் ஹெட்ஃபோனில் சுருதி தெளிவாகக் கேட்கிறதா என்று நீங்களே மாட்டிப் பாருங்கள். பாடகர் சுருதி விலகுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு டேக்கிலும் (ஒருமுறை பாடிப் பதிவு செய்தது) எந்த வரி நன்றாக வந்தது, எங்கே மூச்சுச் சத்தம் விழுந்தது என்று குறித்து வையுங்கள். பாடகர் எதிரில் டேக்கைக் குறை சொல்லாதீர்கள். அதைப் பேச வேண்டியவர் ஆசான். உங்கள் சந்தேகங்களை எழுதி வைத்து, பதிவு முடிந்தபின் கேளுங்கள். அன்றைய கோப்புகளை வேறு டிஸ்க்கிலும் நகல் எடுக்காமல் கிளம்ப வேண்டாம்.

படி 6: ஒரு பாட்டு, முழுவதும் உங்கள் கையில்

சில மாதங்கள் கழிந்ததும் ஒரு குரலையும் ஒரு வாத்தியத்தையும் நீங்களே பதிவு செய்து, ஆசானின் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுங்கள். அவர் சொல்லும் குறையை ஈக்வலைசரில் (தொனிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மறைக்க முயலாதீர்கள். அதே பாடகரை மறுபடி அழைத்து, மைக்கின் இடத்தை மாற்றிப் புதிதாகப் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.